மரபு என்னும் சொல்லும் பெருவிரல் ரேகையும்: கோலார் தங்கவயலை முன்வைத்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் அன்போடு அருகில் வந்து, "எந்த ஊர் தம்பி?" என்று விசாரித்தார். கோலார் தங்கவயல் என்றேன். "அப்படியா! சுரங்கத்து மக்கள். உழைப்பு உங்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்றார். பாராட்டாகவே சொன்னார், நானும் நன்றி கூறினேன். ஆயினும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் இறங்கி ஏறியவர். அவருடைய இரத்தத்தில் என்ன ஊறியிருந்தது என்பதை நான் அறியேன். நுரையீரலில் என்ன படிந்திருந்தது என்பது அவருடைய மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது.

ஒரு மனிதர் என்னவாக முடியும் என்பதைத் தீர்மானிப்பது பிறப்பா, வளர்ப்பா, தன்முயற்சியா என்ற வினா மிகப் பழையது. திருக்குறளில் ஊழுக்கும் ஒரு அதிகாரம் உண்டு. ஆள்வினையுடைமைக்கும் ஒரு அதிகாரம் உண்டு. இரண்டையும் எவ்வாறு இணைத்துப் படிப்பது என்று உரையாசிரியர்கள் முதல் இன்றைய மாணவர்வரை வாதிட்டு வருகிறோம். இவ்வினாவைத் தத்துவ நூல்களில் தேடுவதைக் காட்டிலும் தங்கவயலின் வரலாற்றில் தேடினால் ஓர் உண்மை புலப்படும் என்று கருதுகிறேன். இங்கே பிறப்பு, வளர்ப்பு, முயற்சி என்ற மூன்றும் வெறும் கருத்துகளாக இருந்ததில்லை. யார் எந்த ஆழத்தில் வேலை செய்வது, யாருக்கு என்ன கூலி, யார் எந்தக் குடியிருப்பில் வாழ்வது என்பவற்றை அவை முடிவு செய்தன.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். விலங்குகளின் இளமைப் பெயர்கள், உயிர்களை அறிவின் அடிப்படையில் ஒன்று முதல் ஆறு வரை வகுத்தல், நால்வகை மக்களுக்கு உரியவை என்று சொல்லப்படுவன ஆகிய அனைத்தும் அவ்வியலில் உள்ளன. நால்வகை பற்றிய நூற்பாக்கள் பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞரும் உளர். அதே சொல்லைத்தான் இருபதாம் நூற்றாண்டில் நாம் உயிரியலின் ஒரு துறைக்குப் பெயராக வைத்தோம். இன்று ஒரு மாணவர் மரபியல் என்றால் மரபணுவை நினைப்பார். மற்றொருவர் வழக்காற்றை நினைப்பார். உடல்வழி வருவதும் ஊர்வழி வருவதும் தமிழில் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. இந்தச் சொல்லின் இரட்டைப் பொருளில்தான் தங்கவயலின் கதையும் நிகழ்ந்தது.

1802-இல் ஜான் வாரன் என்ற படையதிகாரி இப்பகுதியில் தங்கம் இருப்பதைக் குறித்தார். 1870களில் மைக்கேல் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே சுரங்கம் பெருந்தொழிலாயிற்று. 1876-78 பெரும்பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. வடாற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து நிலமற்ற மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட, தமிழ் பேசும் மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டபோது, அது உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக இருந்தது. தொழில்நுட்பம் உலகத் தரத்தில் இருந்தது. ஆட்களை வகுத்த முறையோ வேறொரு யுகத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

மேலாண்மையும் மேற்பார்வையும் ஐரோப்பியர்க்கு, இடைநிலைப் பணிகள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்க்கு, காவல் பஞ்சாபியர்க்கு, பாறையைத் துளைத்து, வெடிவைத்து, உடைத்துச் சுமக்கும் வேலை தமிழ்த் தொழிலாளர்க்கு. இப்பகுப்பு ஒவ்வொரு குழுவின் இயல்புக்கும் ஏற்றது என்பதே அக்கால நம்பிக்கை. இவர்கள் வெப்பம் தாங்குவர், அவர்கள் காவலுக்கு ஏற்றவர், மற்றவர் கணக்குக்கு ஏற்றவர் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வேலையைப் 'பிறவிக் குணமாக' எழுதுவது காலனிய நிர்வாகத்தின் பொது வழக்கு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டது 1909-இல். தங்கவயல் அந்த அளவைப் புத்தகத்தின் நடைமுறைப் பதிப்பு எனலாம்.

இங்கு கவனிக்க வேண்டிய மற்றொரு குழு உண்டு. மேற்பார்வையாளர்களுள் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் நலிந்தபோது, அம்மக்கள் உலகெங்கும் வேலை தேடிச் சென்றனர். அவர்களையும் 'பிறவிச் சுரங்கக்காரர்கள்' என்றே உலகம் அழைத்தது. ஆனால் கார்ன்வால்காரர்க்கு அப்பெயர் மேற்பார்வைப் பதவியைத் தந்தது. வடாற்காட்டார்க்கு அதே பெயர் அடிமட்டத்து இருளைத் தந்தது. இருவரும் பஞ்சத்தாலும் வேலையின்மையாலும் ஊரை விட்டவர்களே. கார்ன்வால்காரர் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் பயின்றவர். வடாற்காட்டார் ஏரைப் பிடித்த கையோடு வந்து சில ஆண்டுகளில் அதே தொழிலைக் கற்றவர். கற்றலின் வேகத்தை அளந்தால் யார் பெயரைப் பாராட்டியிருக்க வேண்டும் என்பது வேறு வினா.

வெப்பம் தாங்கும் 'பிறவி ஆற்றலை' எடுத்துக்கொள்வோம். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். இதில் மனிதர் எப்படி வேலை செய்தனர்? உடலியல் தரும் விடை தெளிவானது. வெப்பத்தில் படிப்படியாக உழைக்கும் உடல் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பழகிக்கொள்கிறது. வியர்வை விரைந்து சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பு தணிகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930கள் முதல் புதிய தொழிலாளர்களை இவ்வாறு பழக்கியே கீழே அனுப்பினர். பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் அந்த ஆற்றலும் போய்விடும். எந்த மனிதக் கூட்டத்து உடலுக்கும் பொதுவான இந்த நெகிழ்வை ஒரு சாதியின் பிறவிக் குணமாக எழுதி வைத்தனர்.

பழகிக்கொள்ள இயலாதது ஒன்றும் இருந்தது. கற்றூசி நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ் நோய்க்கு உடல் பழகுவதில்லை. 1940களில் தங்கவயலில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர்க்கு அந்நோய் இருந்தது. தந்தைக்கு இருமல், மகனுக்கும் இருமல், பேரனுக்கும் இருமல் என்றால், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது குடும்ப நோயாகத் தோன்றும். மூவரும் ஒரே ஷாஃப்டில் இறங்கினர் என்பதை அறிந்தவர்க்கு மட்டுமே அது சூழலின் நோய். வேலையும் வீடும் காற்றும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறினால், மரபுரிமை மரபணுவைப் போலவே தோற்றமளிக்கும். தங்கவயல் நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம் இது.

இப்பொழுது பெருவிரலுக்கு வருகிறேன். 'இயற்கை, வளர்ப்பு' என்ற இணையை நவீன அறிவுலகின் விவாதமாக்கியவர் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன். மேதைமை குடும்பவழி வருவது என்று 1869-இல் நூல் எழுதினார். 1874-இல் ஆங்கில அறிவியலாளர்களைப் பற்றிய நூலின் தலைப்பிலேயே இயற்கை, வளர்ப்பு என்ற இரு சொற்களையும் வைத்தார். 1883-இல் 'நல்ல பிறப்பு' உடையோரைப் பெருக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயரிட்டார். அதே கால்டன்தான் 1892-இல் கைரேகை பற்றிய அடிப்படை நூலையும் எழுதினார். இந்த இரு ஆர்வங்களும் ஒரு வேரில் கிளைத்தவை. ரேகைகளில் இனத்தையும் மனத்திறனையும் படித்துவிடலாம் என்று அவர் நம்பினார். வெவ்வேறு இனத்தாரின் ரேகைகளையும், அறிவில் உயர்ந்தோர், அறிவுக் குறைபாடு உடையோர் என்று கருதப்பட்டோரின் ரேகைகளையும் ஒப்பிட்டார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ரேகை ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியது. ஆனால் அவர் எத்தகையவர், என்ன ஆகக்கூடியவர் என்பது பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இத்தோல்வியை அவர் நேர்மையாகவே எழுதி வைத்தார்.

அறிவியல் கைவிட்டதை ஆட்சி எடுத்துக்கொண்டது. வங்காளத்தில் 1858-இலேயே வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பத்திரத்தில் வாங்கியிருந்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இந்தியர் இருவரின் பங்கு பெரிது. சில சமூகங்கள் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்ற கருத்தின்மேல் எழுந்த 1871-ஆம் ஆண்டுச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தமிழ் மக்கள் அதற்கு வைத்த பெயரே 'கைரேகைச் சட்டம்'. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டதில், ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1930-இல், கோலார் தங்கவயல் தொழிலாளர்களிடமும் கைரேகை கேட்கப்பட்டது. அவர்கள் மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பதிவு பெற்ற தொழிற்சங்கம் இல்லாத காலத்தில், அன்றாடக் கூலியால் வாழ்ந்தோர் நடத்திய அந்த வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. கூலி உயர்வைக் கேட்டு நிகழும் வேலைநிறுத்தத்தை விளக்குவது எளிது. விரல் மையை மறுத்து மூன்று வாரம் பட்டினி கிடப்பதை எவ்வாறு விளக்குவது? ரேகை குற்றவாளிக்கு உரியது. எம்மைப் பிறவிக் குற்றவாளியாக எழுதாதே என்பதே அம்மறுப்பின் பொருள் என்று நான் வாசிக்கிறேன். கால்டனின் இரு கனவுகளும், அதாவது பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பதும், ரேகையைக் கொண்டு மனிதரைக் குறிப்பதும், ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெருவிரலில் சந்தித்தன. அவர் அவ்விரலை மடக்கிக்கொண்டார்.

இந்த மறுப்பு எங்கிருந்து வந்தது? 'தன்விருப்பம்' என்று ஒற்றைச் சொல்லில் கடந்துவிடலாம். ஆனால் விருப்பத்துக்கும் வரலாறு உண்டு.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் மாரிக்குப்பத்தில் அதன் கிளை எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் தொடங்கி, அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் பெற்றது. தங்கவயலில் அதற்கு உறுதியான வாசகர் இருந்தனர். 1914-இல் பண்டிதர் மறைந்த பின்னரும் அந்த இயக்கம் இங்கே நிலைத்தது. 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை பௌத்த நூல்களை அச்சிட்டது. பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் சொற்பொழிவு கேட்டனர். எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிந்தவர் இதழைப் படித்துக் காட்டினார். திருமணமும் ஈமச்சடங்கும் புதிய முறையில் நடந்தன. 1930-இல் விரலை மடக்கிய தலைமுறை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு இச்சூழலில் வளர்ந்த தலைமுறை.

பண்டிதர் சொன்னதன் சாரம் இது: தாழ்வு பிறப்பில் வந்ததன்று, வரலாற்றில் சுமத்தப்பட்டது. 'இந்திரர் தேச சரித்திரம்' இதை விரிவாகப் பேசுகிறது. இங்கே ஆய்வாளர்கள் தயங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிறவித் தாழ்வை மறுத்த பண்டிதர், இம்மக்களைப் 'பூர்வ பௌத்தர்' என்று அழைத்தார். ஒரு பிறப்புக் கதையை நீக்கி, மற்றொரு பிறப்புக் கதையை வைத்தாரா? இந்த ஐயத்தை மாணவர்கள் என்னிடம் பலமுறை எழுப்பியுள்ளனர், நியாயமான ஐயமே. என் விடை, அவர் மீட்க முயன்ற மரபு குருதியின் மரபன்று, நினைவின் மரபு என்பதாகும். அதற்கு அவர் குடும்பமே சான்று. அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் சமையற்காரராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஏடுகளே எல்லிஸ் துரையைச் சென்றடைந்தன என்று பண்டிதர் எழுதியுள்ளார். பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்தது ஓலைச்சுவடியும் மருத்துவ நூலும் வாசிக்கும் பழக்கமும். இவை மரபணுவில் எழுதப்படுவன அல்ல. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினாலும் அறுந்துவிடுவன. பூர்வ பௌத்தராக இருப்பதற்குப் பிறந்தால் மட்டும் போதாது; படிக்கவும் பஞ்சசீலம் ஏற்கவும் வேண்டும்.

பௌத்தத்தை அவர்கள் தேர்ந்ததிலும் பொருள் உண்டு. எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்ற நியதிக் கொள்கையை ஆசீவகரின் மற்கலி கோசாலர் மேல் ஏற்றிச் சொல்வர். புத்தர் அதைக் கடுமையாக மறுத்தவர். அதே வேளையில், எதையும் சாராத, தானே தனித்து இயங்கும் ஆன்மாவையும் அவர் ஏற்கவில்லை. ஒவ்வொன்றும் சார்புகளில் தோன்றுகிறது. சார்புகளை மாற்றினால் விளைவு மாறும். விருப்பமும் அப்படியே. இந்த இயக்கத்தின் மற்றொரு முன்னோடியும் அறிவியல் பேராசிரியருமான லட்சுமி நரசு, 1907-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பௌத்தக் கோட்பாடுகளை நவீன அறிவியலின் ஒளியில் விளக்க முயன்றார். 1948-இல் அம்பேத்கர் அந்நூலுக்கு முன்னுரை எழுதி மறுபதிப்புச் செய்தார்.

இன்றைய மரபணு ஆய்வு இதில் என்ன சொல்கிறது? மனிதத் திறன்கள் பலவற்றில் மரபணுவின் பங்கு உண்டு. அதை மறுப்பது அறிவியலன்று. ஆனால் 'மரபுப் பேறு இத்தனை விழுக்காடு' என்னும் எண் ஒரு தனி மனிதரைப் பற்றியதன்று; குறிப்பிட்ட சூழலில் உள்ள ஒரு மக்கள்தொகைக்குள் காணும் வேறுபாடுகளைப் பற்றியது. ரிச்சர்ட் லெவொன்டின் இதை விதைகளைக் கொண்டு விளக்கினார். கோலார் மாவட்டத்துக் கேழ்வரகில் அவ்விளக்கத்தைச் சொல்லலாம். ஒரே மூட்டையிலிருந்து இரு பிடி விதை எடுத்து, ஒன்றை நீர்வளமுள்ள நிலத்திலும் மற்றதைச் சயனைடு மேட்டின் ஓரத்திலும் விதையுங்கள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு பயிர் மற்றதைவிட உயர்ந்திருப்பதற்கு விதை காரணமாகலாம். இரு பாத்திகளுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு மண்ணே முழுக் காரணம். பாத்திக்குள் கண்ட எண்ணை எடுத்துப் பாத்திகளுக்கு இடையே பொருத்துவதுதான் சாதி பற்றிய 'திறமை' வாதங்களில் நிகழும் பிழை.

2003-இல் எரிக் டர்க்ஹைமரும் சகாக்களும் அமெரிக்க இரட்டையரை ஆராய்ந்தபோது, வசதியான குடும்பங்களின் குழந்தைகளிடையே அறிவுத்திறன் மதிப்பெண் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு பெரிதாகவும், வறிய குடும்பங்களில் ஏறத்தாழ இல்லாமலும் இருப்பதைக் கண்டனர். பின்வந்த ஆய்வுகளில் இப்போக்கு அமெரிக்காவில் தெரிந்தது. மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவாகத் தெரியவில்லை. சமூகப் பாதுகாப்பு வலுவான நாடுகளில் வறுமை அத்தனை ஆழமாகக் கடிப்பதில்லை என்பது ஒரு விளக்கம். எப்படியாயினும், மரபணு தன் பங்கைச் செலுத்துவதற்கே ஒரு குறைந்தபட்ச மண் தேவைப்படுகிறது.

விருப்பத்துக்கும் அதுவே பொருந்தும் என்பதுதான் இக்குறிப்பின் மையம். பிறப்பு, வளர்ப்பு, தன்விருப்பம் என்று மூன்று பங்குகளாகப் பிரித்து, மூன்றாவதை முதல் இரண்டுக்கும் எதிராக நிறுத்துவது நம் வழக்கம். தங்கவயலில் விருப்பம் வளர்ப்பிலிருந்தே விளைந்தது; அந்த வளர்ப்பை அம்மக்கள் தாமே அமைத்துக்கொண்டனர். கிடைத்த சூழலில் மறுக்க வழியில்லாதபோது, மறுக்கக்கூடிய ஒரு சூழலை வாசிப்புக்கூடத்தில் கட்டினர். தன்விருப்பம் என்பது தனி நெஞ்சில் பிறவியிலேயே எரியும் சுடர் என்றால், அது 1890-இலேயே எரிந்திருக்க வேண்டும்.

இதை வெற்றிக் கதையாக முடிக்க மாட்டேன். ரேகையை மறுத்தவர்களும் மறுநாள் அதே பாறைக்குள் இறங்கினர். எந்த மனவுறுதியும் நுரையீரலிலிருந்து கற்றூசியை அகற்றவில்லை. சுரங்கம் 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் நடுவண் அரசிடமும், 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்திடமும் சென்று, 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. 'இரத்தத்தில் ஊறிய' தொழில் ஓர் அரசாணையில் நின்றது. இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் அதிகாலை இரயில் பிடித்துப் பெங்களூருவுக்குச் செல்கின்றனர். கணினி நிறுவனத்திலும் துணிக்கடையிலும் மருத்துவமனையிலும் வேலை செய்து இரவு திரும்புகின்றனர். ஒரு தலைமுறைக்குள் எந்த மரபணுவும் மாறிவிடவில்லை.

அன்று அந்தப் பேராசிரியரிடம் நான் சொல்லத் தவறியது இதுதான்: ஐயா, எங்கள் இரத்தத்தில் ஊறியதாகத் தாங்கள் கருதும் உழைப்பு எங்கள்மேல் சுமத்தப்பட்டது. எங்களுக்கு மரபாக வந்தது வேறு. அது படித்துக் காட்டுபவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பழக்கம். என் பாட்டனாருக்கு எழுதத் தெரியாது. இதழில் வந்த செய்தியை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வார் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தங்கவயல் குடும்பங்களைச் சேர்ந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய 'தமிழன்' இதழ்கள், சித்தார்த்த புத்தகசாலை வெளியீடுகள், பௌத்த முறைத் திருமண அழைப்பிதழ்கள், சங்கக் கூட்ட அறிவிப்புகள் இருந்தால் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒளிப்படம் எடுத்தேனும் வையுங்கள்.